மறைந்துவரும் கூட்டெழுத்து

கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்று நம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. கோழி கிண்டியதுபோல் எழுதும் பிள்ளைக்கு ஆறுதலாக யாரோ ஒரு பாட்டி சொல்லிவைத்ததாக இருக்கலாம். எப்படியிருப்பினும், அந்தப் பேச்சு ஒன்றை உறுதியாக எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்குச் சென்ற எவருக்கும் தமக்கென ஒரு கையெழுத்து இருக்கும். அதை மற்றவர் படித்து நன்று, தீது என்று சொல்லவும் கூடும் என்பதே அது. உலகின் சில பகுதிகளில் இந்த உறுதி இப்போது தளர்ந்துவிட்டது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2013-ஆம் ஆண்டு ஒரு கொலைவழக்கு விசாரணை நடந்தது. நாடே தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சி சொல்ல வந்த 19 வயதுப் பெண்ணிடம் வழக்குரைஞர் ஒரு கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அது அப்பெண்ணின் பெயரால் எழுதப்பட்ட கடிதம். அவர் சொல்லச்சொல்லத் தோழி ஒருவர் எழுதித் தந்தது. தமக்குக் கூட்டெழுத்துப் படிக்க வராது என்று அப்பெண் தாழ்ந்த குரலில் சொன்னார். பலர் நகைத்தனர், அவரது அறிவையே ஐயுற்றனர். நகைத்தவர்கள் ஒன்றை அறியவில்லை. அவர் வயதினர் இலட்சக்கணக்கானோர் அதே நிலையில்தான் இருந்தனர். தம் பெயர் தாங்கிய கடிதத்தைத் தாமே படிக்க இயலாத அந்தப் பெண் பள்ளிக்குப் போகாதவர் அல்லர்.

ஆங்கில எழுத்துகளைப் பேனாவை எடுக்காமல் ஒன்றோடொன்று கோத்து எழுதும் முறையையே இங்குக் கூட்டெழுத்து என்கிறோம். நம் பிள்ளைகள் நான்குகோட்டு நோட்டில் 'கர்சிவ்' என்று பழகுகிறார்களே, அதுவேதான். இது எவ்வாறு பிறந்தது, ஏன் மறைகிறது, மறைவதால் உண்மையில் இழப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நல்லது. கணினி வந்தது, கைபேசி வந்தது, கையெழுத்துப் போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர் பலர். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

கூட்டெழுத்து அழகுக்காகப் பிறந்ததன்று, அவசரத்துக்காகப் பிறந்தது. இறகுப்பேனாவை ஒவ்வோர் எழுத்துக்கும் எடுத்து எடுத்து வைத்தால் மை சொட்டும். முனை தாளில் இடறும். எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் மையும் சீராக இறங்கும், வேலையும் விரைவில் முடியும். நாளெல்லாம் எழுதிக் குவிக்க வேண்டிய அலுவலகங்களில்தான் இந்த முறை செழித்தது. அவற்றுள் முதன்மையான ஒன்று உரோமையில் இருந்த திருத்தந்தையின் ஆவண அலுவலகம். அங்கு எழுத்தராக இருந்த லுதொவிகோ தெலி அரிகி என்பவர், அலுவலக எழுத்தை யாவரும் கற்கும்படி 1522-ஆம் ஆண்டைத் தாங்கிய ஒரு சிறு கையேட்டை மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். சாய்ந்து நடக்கும் அந்த எழுத்தைக் கற்றுத்தர எழுந்த முதல் அச்சுநூல் அது. கையெழுத்தை அழிக்க வந்ததாக எண்ணப்பட்ட அச்சு, கையெழுத்தைப் பரப்பும் கருவியாக மாறியதை நாம் இங்குக் காண்கிறோம்.

பின்னர் அரசியலும் வாணிபமும் பேனாவைப் பிடித்துக்கொண்டன. இலண்டன் வணிகர்களுக்குத் தெளிவும் வேகமும் உடைய எழுத்து தேவைப்பட்டது. அங்கு உருவான வட்டக் கையெழுத்தை ஜார்ஜ் பிக்கம் என்னும் செதுக்குக் கலைஞர் 1733 முதல் 1741 வரை செப்புத்தகடுகளில் வெட்டிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஆங்கிலேயர் கப்பல் சென்ற இடமெல்லாம் இந்த எழுத்தும் சென்றது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கும்பெனிக் கணக்குகளும் கோத்து எழுதிய கைகளின் வேலையே.

அமெரிக்காவில் இந்த எழுத்துக்குத் தனி நடை கொடுத்தவர் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864). தாள் வாங்க வசதியில்லாத ஏழைச் சிறுவனாக அவர் ஏரிக்கரை மணலில் எழுதிப் பழகினார் என்று சொல்வர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரல் வைத்து 'அ' எழுதிய காட்சி நினைவுக்கு வருகிறது. அலையின் வளைவும் கூழாங்கல்லின் உருட்சியும் தம் எழுத்தில் வரவேண்டும் என்று ஸ்பென்சர் விரும்பினார். அந்த நடை எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர் கொக்கோகோலா புட்டியைப் பார்த்தால் போதும். 1886-இல் அந்நிறுவனத்தின் கணக்காளர் ஒருவர் அந்தப் பெயரை எழுதியது ஸ்பென்சர் பாணியிலேயே.

அழகான எழுத்துத்தான், ஆனால் அலுவலகத்துக்கு நேரமில்லை. 1873-இல் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சுப் பொறியைச் செய்யத் தொடங்கியிருந்தது. பொறியோடு போட்டியிடக்கூடிய கையெழுத்து வேண்டும் என்று கருதியவர் ஆஸ்டின் நார்மன் பாமர் (1860–1927). அயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரில் இருந்த இவர் 1894-இல் வணிக எழுத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். ஸ்பென்சரின் அலங்காரச் சுழிகளை இவர் வெட்டியெறிந்தார். விரலால் எழுதாதே, தோளிலிருந்து கையை நகர்த்தி எழுது என்பதே இவரது கொள்கை. பாமர் முறை வகுப்பில் பிள்ளைகள் எடுத்தவுடன் எழுத்தெழுதுவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, முன்கையின் சதையை மேசைமேல் வைத்து, வரிசை வரிசையாக முட்டை வடிவச் சுழிகளையும் சாய்ந்த கோடுகளையும் இழுப்பார்கள். ஆசிரியர் எண்ணிக்கை சொல்ல, வகுப்பு முழுவதும் ஒரே தாளத்தில் பேனாவை ஓட்டும். ஏறத்தாழ ஓர் அணிவகுப்பு என்றே சொல்லலாம்.

இந்த முறையை விரைந்து ஏற்று நெடுங்காலம் போற்றியவற்றுள் அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகள் குறிப்பிடத்தக்கவை. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள் அங்குப் படித்தனர். அவர்களுக்கு நல்ல கையெழுத்து என்பது வெறும் நாகரிகம் அன்று. சுரங்கத்திலும் இறைச்சித் தொட்டியிலும் உழைத்த தந்தையின் மகன் ஓர் எழுத்தர் நாற்காலியில் அமர அது ஒரு வழி. அருட்சகோதரிகள் இதை உணர்ந்தே பிள்ளைகளை வருத்தி வேலை வாங்கினர். அந்த வருத்தத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இடக்கைப் பிள்ளைகள் வலக்கையால் எழுதும்படி வற்புறுத்தப்பட்டனர், பிரம்படியும் விழுந்தது. அத்தலைமுறையினர் முதுமையிலும் மறக்காத இரண்டு உண்டு: ஒன்று தங்கள் அழகிய எழுத்து, மற்றொன்று அதற்குக் கொடுத்த விலை. கூட்டெழுத்தின் பொற்காலத்தை எண்ணி ஏங்குவோர் இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் 'கான்வென்ட் கையெழுத்து' என்று ஒரு சொல் வழங்குகிறது. அயர்லாந்திலிருந்து காணிக்கை அன்னை சபைச் சகோதரிகள் 1842-இல் சென்னைக்கு வந்தது முதலாகப் பற்பல சபையினர் நடத்திய பள்ளிகளின் முத்திரை அச்சொல்லில் பதிந்துள்ளது. அதே வேளையில் ஒரு வேடிக்கையையும் கவனிக்கலாம். நம் பிள்ளை தமிழைத் தனித்தனி எழுத்தாக எழுதுகிறது; ஆங்கிலத்தை மட்டும் கோத்து எழுதுகிறது. ஆகவே கூட்டெழுத்து இங்கு ஆங்கிலக் கல்வியின் அடையாளமாகவும், அதன் வழியாக உயர்வு தாழ்வின் அடையாளமாகவும் ஆயிற்று.

சரி, இவ்வளவு வேரூன்றிய ஒன்று எப்படித் தளர்ந்தது? கணினியைக் குற்றம் சொல்லுமுன் பள்ளியையே நோக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்னும் எழுத்துக்கலைஞர், பிள்ளைகள் முதலில் எளிய, தனித்தனி வடிவங்களைக் கற்பது நலம் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டார். மார்ஜரி வைஸ் என்னும் ஆங்கில ஆசிரியை அதை 1920-களின் தொடக்கத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். நூலில் காணும் எழுத்தும் தாம் எழுதும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் படிப்பும் எழுத்தும் சேர்ந்தே வரும் என்பது நியாயமான வாதம். அது வென்றது. முதல் இரண்டு வகுப்புகளில் தனியெழுத்து, மூன்றாம் வகுப்பில் கூட்டெழுத்து என்ற ஏற்பாடு அமெரிக்கா முழுவதும் நிலைத்தது.

இதன் விளைவை அப்போது எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதுவரை கூட்டெழுத்து என்பதே எழுத்து. இனி அது இரண்டாவதாகக் கற்கும் எழுத்து. இரண்டாவதாகக் கற்பது எதுவும், நேரம் போதாதபோது முதலில் விடப்படும். பிள்ளை ஏற்கெனவே எழுதத் தெரிந்தவன். மறுபடியும் ஏன் எழுதக் கற்கவேண்டும் என்ற கேள்விக்கு ஆசிரியரிடம் நல்ல விடை இல்லை. இடைவெளியைக் குறைக்க 1978-இல் டொனால்ட் நீல் தர்பர் என்பவர், தனியெழுத்துக்கே சிறு வால் வைத்துப் பின்னர்க் கோப்பதற்கு எளிதாக்கும் ஒரு முறையைப் பரப்பினார். பள்ளிகள் பல ஏற்றன. எனினும் போக்கு மாறவில்லை.

பேனாவும் கைவிட்டது. 1945 அக்டோபர் இறுதியில் நியூயார்க்கின் பெருங்கடை ஒன்றில் பந்துமுனைப் பேனா, விலை பன்னிரண்டரை டாலர் என்று விற்பனைக்கு வந்தபோது மக்கள் முண்டியடித்து வாங்கினர். சில ஆண்டுகளில் அது காசுக்கு மலிந்தது. மை ஒழுகாது, எந்தத் திசையில் தள்ளினாலும் எழுதும், எத்தனை முறை எடுத்து வைத்தாலும் சொட்டாது. கோத்து எழுதவேண்டும் என்பதற்கு இறகும் எஃகு முனையும் தந்த காரணம் இதனால் போயிற்று. மேலும் பந்துமுனையை அழுத்திப் பிடிக்கவேண்டும். பாமர் சொன்ன தோளசைவுக்கு அது இடம் தராது. கருவி மாறிய பின்னும் பழக்கத்தை மட்டும் பிரம்பால் காத்து நிற்க முடியுமா?

எனவே கைபேசி பிறக்குமுன்பே கூட்டெழுத்து மெலிந்திருந்தது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத்தேர்வில் கையால் எழுதும் கட்டுரை சேர்க்கப்பட்டபோது, ஏறத்தாழ 15 இலட்சம் மாணவருள் 15 விழுக்காட்டினரே கோத்து எழுதினர் என்று 2006-இல் செய்தி வந்தது. மற்றவர் அனைவரும் தனித்தனி எழுத்துகளால் எழுதியிருந்தனர். அவர்கள் கற்காதவர் அல்லர், கற்று விட்டவர்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2010-இல் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத்திட்ட நெறிகள் வெளிவந்தன. தொடக்க வகுப்புகளில் தனியெழுத்து, பின்னர் விசைப்பலகை என்று அவை கூறின. கூட்டெழுத்தைத் தடை செய்யவில்லை. அதன் பெயரையே சொல்லவில்லை. தேர்வில் வராத பாடத்துக்கு வகுப்பறையில் என்ன நேரும் என்பது நம் ஆசிரியர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பின்லாந்தும் 2016-இல் அதன் கட்டாயத்தை நீக்கியது.

அப்புறம் எதிரலை எழுந்தது. லூசியானா 2016-இல் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவில் 2023-இல் ஒப்பமிடப்பட்ட சட்டம் 2024 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கூட்டெழுத்து மீண்டும் கட்டாயம். இச்சட்டங்களுக்கு ஆதரவாகப் பேசுவோர் மூளை ஆய்வுகளை எடுத்துக்காட்டுவர். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் படிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளைக் கொண்டு சோதித்தார். கையால் எழுதிப் பழகிய எழுத்தைக் காணும்போது அவர்தம் மூளையில் வாசிப்புக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. தட்டிப் பழகிய எழுத்துக்கு அவ்வாறு நிகழவில்லை. இது மதிக்கத்தக்க சான்று. ஆயினும் ஊன்றிப் பார்த்தால், பெரிதும் இது கையெழுத்துக்கும் விசைப்பலகைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்குச் சான்றேயன்றி, கோத்த எழுத்து தனியெழுத்தைவிட உயர்ந்தது என்பதற்குச் சான்றன்று. கோத்து எழுதினால்தான் அறிவு வளரும் என்றால், தமிழைத் தனித்தனியாக எழுதி வளர்ந்த நம் புலவர்களை எங்கே வைப்பது? கையால் எழுதும் பழக்கமே அற்றுப்போவது தீங்கு. தனியெழுத்தில் எழுதுவது தீங்கன்று. இதில் நமக்கு ஐயமில்லை.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வரலாற்றறிஞர் துரூ கில்பின் ஃபாஸ்ட் 2022-இல் ஒரு கட்டுரை எழுதினார். உள்நாட்டுப்போர் பற்றிய வகுப்பில் மாணவர் ஒருவர், தாம் பார்த்த நூலில் மூல ஆவணங்களின் படங்கள் நன்றாயிருந்தன, ஆனால் கூட்டெழுத்தாதலால் படிக்க இயலவில்லை என்றாராம். வியந்து விசாரித்தபோது வகுப்பில் மூன்றில் இருபங்கினர் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் என்று தெரியவந்தது. எழுதத் தெரியாதவர் அதனினும் மிகுதி. அவர்கள் நாட்டின் மிகச் சிறந்த பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்போர். அச்சில் ஏறாத எதையும் அவர்கள் இன்னொருவர் கண்ணால்தான் காணவேண்டும். பாட்டியின் நாட்குறிப்பும் அதில் அடக்கம்.

அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் தன் ஆவணங்களைப் படித்து அச்செழுத்தில் பெயர்த்துத் தரும்படி பொதுமக்களை வேண்டிவருகிறது. 2025-இன் தொடக்கத்தில், கூட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர் தேவை என்று அது விடுத்த அழைப்பு பல நாடுகளில் செய்தியாயிற்று. அங்குக் காத்திருப்பவற்றுள் ஒன்று, விடுதலைப்போரில் ஈடுபட்ட வீரர்களும் அவர்தம் கைம்பெண்களும் ஓய்வூதியம் கேட்டு எழுதிய விண்ணப்பக் கோப்புகள். இருபது இலட்சம் பக்கங்களுக்கு மேல் அவை விரிகின்றன. தம் திருமணத்தை நிறுவ வேறு சான்று இல்லாத பெண்கள், குடும்ப விவிலியத்தில் பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதியிருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பியதுண்டு. கும்பெனித் தளபதிகளின் கடிதங்கள் எப்படியும் அச்சேறிவிடும். அந்தப் பெண்களின் பக்கங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இவ்வாறு ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவே எழுத்து அறுந்துபோவது புதிதன்று. ஒரே ஆணையால் அறுந்த நாடும் உண்டு. ஜெர்மானியர் பல நூற்றாண்டுகளாகக் 'குர்ரென்ட்' எனப்படும் தமக்கேயுரிய கூட்டெழுத்தை எழுதிவந்தனர். கூர்கூராக மேலும் கீழும் ஏறி இறங்கும் எழுத்து அது. அதில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து 'என்' போலத் தோன்றும். 'யு'-வை 'என்'னிலிருந்து பிரித்தறிய அதன் தலைமேல் ஒரு சிறு வளைவு இடுவர். பிள்ளைகளுக்கு இது கடினம் என்று கண்ட பிரஷ்ய அரசு 1911-இல் லுட்விக் சூட்டர்லின் என்னும் ஓவியரிடம் அதை எளிமைப்படுத்தும் பணியை ஒப்படைத்தது. அவர் வகுத்த வடிவம் 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் புகுந்து பின் நாடெங்கும் பரவியது. அவரோ 1917-இல் மறைந்துவிட்டார்.

1941 ஜனவரி 3 அன்று இட்லரின் கட்சி அலுவலகத்திலிருந்து மார்ட்டின் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஜெர்மானியரின் பழைய கோணல் அச்செழுத்து உண்மையில் யூதர் எழுத்து. இனி வேண்டாம் என்றது அது. அப்பட்டமான பொய். தாம் கைப்பற்றிய நாடுகளில் தம் ஆணைகளை எவராலும் படிக்க இயலவில்லை என்பதே உண்மைக் காரணமாக இருக்கவேண்டும் என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மற்றோர் ஆணை பள்ளிகளில் பழைய கையெழுத்தைக் கற்பிப்பதையும் நிறுத்தியது. போருக்குப்பின் சில மாநிலங்கள் அதை இரண்டாம் எழுத்தாகக் கற்பிக்க முயன்றன, வேர் பிடிக்கவில்லை. போர்முனையிலிருந்து தந்தையர் எழுதிய கடிதங்கள் பழைய எழுத்தில் இருந்தன. வளர்ந்து பெரியவரான பிள்ளைகள் புதிய எழுத்தைக் கற்றிருந்தனர். ஒரே மொழி, ஒரே வீடு, இருந்தும் தந்தையின் கடைசிக் கடிதத்தைப் படிக்க இன்னொருவரிடம் போகவேண்டியதாயிற்று. ஹாம்பர்க் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த பெரியவர்கள் 1990-களில் கூடி, தபாலில் வரும் இத்தகைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பெயர்த்து எழுதித்தரும் தொண்டை மேற்கொண்டனர். பள்ளிப்பருவத்தில் கட்டாயத்தின்பேரில் கற்ற எழுத்து, கடைசிக் காலத்தில் அவர்களைப் பிறர்க்குத் தேவையானவர்களாக்கியது.

ஜெர்மனியின் இந்த இழப்பு தமிழ்நாட்டையும் தொடுகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவர்க்குப் பின்வந்த லூத்தரன் மறைப்பணியாளரும் ஹாலே நகருக்கு எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் அன்றாட வாழ்வைப் பற்றி, ஊரும் பேரும் சுட்டி, இவை போலச் சொல்லும் சான்றுகள் அரியவை. ஒரு பகுதியை ஹாலேயில் அக்காலத்திலேயே அச்சிட்டனர். ஆனால் வாசகர்க்கு ஏற்றவாறு வெட்டியும் திருத்தியும் அச்சிட்டனர். சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாறு 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அச்சிட்டவர் விட்டுவிட்டதைக் காண விரும்பும் தமிழ் ஆய்வாளர் ஜெர்மன் கற்றால் மட்டும் போதாது. ஜெர்மானியரே மறந்துவிட்ட அந்தக் கூர்கூரான எழுத்தையும் கற்கவேண்டும்.

நம் பழைய பங்குகள் சிலவற்றின் பேழைகளைத் திறந்தாலும் இதே இடர்தான். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய திருமுழுக்குப் பதிவேடுகளில் ஐரோப்பியக் குருக்கள் இலத்தீனில், சாய்ந்த கூட்டெழுத்தில், இடம் சிக்கனமாக எழுதிவைத்த வரிகள் உண்டு. மை பழுப்பேறி, கறையான் ஓரம் தின்ற அப்பக்கங்களில் ஓர் ஊரின் பஞ்சமும் காலராவும் புலம்பெயர்வும் அடங்கியிருக்கும். நம் முன்னோர் பலரின் பெயர் தாளில் ஏறிய ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம். 1978-இல் தமிழ்நாட்டரசு சில எழுத்துகளின் வடிவை மாற்றியது. அந்தச் சிறு மாற்றத்துக்கே, பழைய பதிப்புகளில் கொம்பு வைத்த 'லை'யையும் 'னை'யையும் கண்டு இன்றைய பிள்ளை தயங்குகிறது. கோத்தெழுதிய இலத்தீனைக் கண்டு அது என்ன செய்யும்?

தமிழ்நாட்டிலேயே, ஒரு கூட்டெழுத்து வழக்கொழிந்ததன் விளைவு முழுவதையும் காணவேண்டுமானால் தஞ்சைக்குப் போகலாம். 1676 முதல் 1855 வரை அங்கு ஆண்ட மராட்டிய மன்னர்களின் அலுவல்கள் 'மோடி' என்னும் எழுத்தில் நடந்தன. மராட்டி மொழியின் கூட்டெழுத்து அது. தேவகிரி யாதவரின் அமைச்சர் ஹேமாத்ரி பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை வகுத்தார் என்பது மரபு. எழுத்தர் முதலில் தாளின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிடுவார். பின் அக்கோட்டின்கீழே பேனாவை எடுக்காமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் விடாமல் ஓட்டிக்கொண்டே போவார். வேகத்துக்கு இதைவிட ஏற்ற எழுத்து இல்லை. அச்சுக்கு இதைவிட இடைஞ்சலான எழுத்தும் இல்லை. தேவநாகரி அச்சில் பரவியது. பம்பாய் அரசு 1917-இல் அலுவல்களுக்கு அதையே கொள்ள முடிவு செய்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மோடி பள்ளிகளிலிருந்தும் மறைந்தது. புனேயில் துணிமூட்டைகளில் கட்டிவைத்த இலட்சக்கணக்கான தாள்கள், மராட்டி பேசும் கோடிக்கணக்கானோர் நடுவே, மராட்டியராலேயே படிக்க இயலாதவையாயின.

தஞ்சையில் நிலை இன்னும் கடினம். இங்கு மொழியும் வேறு, எழுத்தும் வழக்கொழிந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களின் இறுதியில், மோடி அறிந்தவர்களைக் கொண்டு ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டது. அரண்மனைச் செலவு, சத்திரங்களின் கணக்கு, மருத்துவம், கலைஞர்க்கு அளித்த பரிசில் என்று, அரசர் வரலாற்றில் இடம்பெறாத பலவும் அவற்றில் வெளிவந்தன. எந்தச் சத்திரத்தில் யார்க்கு என்ன உணவு அளித்தனர் என்பதைக்கூட இன்று நாம் அறிவது, வழக்கொழிந்த ஒரு கையெழுத்தை விடாமல் கற்றுவைத்திருந்த சிலரால். மற்றக் கட்டுகளில் பல இன்னும் தமிழாக்கம் பெறவில்லை.